நீலவேணி உயர்த்திய கை

கல்லால மரத்தின் நிழலில் தென்முகம் நோக்கி அமர்ந்து, வாய் திறவாமலே முனிவர் நால்வரின் ஐயத்தைத் தீர்த்தருளிய பெருமானின் திருவடியை முதலில் வணங்குகிறோம். அவன் மௌனம் விடையாக இருந்தது. மனிதரின் மௌனம் எல்லாம் அப்படி இருப்பதில்லை. உயிர்களுக்குள் ஐயத்தை வைத்தவனும், அதைக் கேட்க நாவை வைத்தவனும், கேட்கலாமா என்று அனுமதி வேண்டக் கையை வைத்தவனும் அவனே ஆதலால், இனிச் சொல்லப் போவதற்குத் திருவிளமங்கையில் எவரும் வேறு காரணம் தேடவில்லை. நாமும் தேட வேண்டியதில்லை.

காவிரியிலிருந்து பிரிந்து, பிரிந்ததிலிருந்தும் பிரிந்து, கடைசியில் பெயரே இல்லாமல் போன ஒரு வாய்க்காலின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். சிவன் கோயில் ஒன்று, அதன் எதிரே நாற்புறமும் படி கட்டிய குளம் ஒன்று, குளத்தைப் பார்த்தாற்போல் உயர்நிலைப் பள்ளி ஒன்று. பள்ளி வாசலில் ஆண்டுதோறும் வைகாசியில் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று புதிய ஃபிளெக்ஸ் கட்டப்படும். ஒன்பது ஆண்டுகளாக அது தவறியதில்லை. தவறாமல் இருப்பதற்கு ஒரு வழி இருந்தது என்பதும், தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை, பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போகுமுன் அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும் என்று மெதுவான குரலில் சொல்வதே அந்த வழி என்பதும் ஊருக்குத் தெரியும். கணித ஆசிரியர் வைத்தியலிங்கத்தின் குரல் அந்த ஒரு வேலைக்குத்தான் மெதுவாகும். மற்ற வேளைகளில் அது மெதுவாக ஒலித்து யாரும் கேட்டதில்லை. அவர் முதல் இரண்டு பெஞ்சுகளைப் பார்த்துப் பாடம் நடத்துவார். அவற்றுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பொறுத்தவரை அவர் சுவருக்கே நடத்தினார்.

மூன்றாம் பெஞ்சில் இருந்தாள் நீலவேணி. தந்தை கலியமூர்த்தி திருவிளமங்கைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே மினி பஸ் ஓட்டுபவர். தாய் மங்கையர்க்கரசி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, நான்காம் பாடவேளையில், மூன்று ஆண்டுகளாக நெஞ்சுக்குள் நெருடிக்கொண்டிருந்த ஒன்றை நீலவேணி எழுந்து கேட்டாள்.

"சார், மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் சார் பிளஸ் வருது?"

"ஏழாங்கிளாஸ்ல தூங்கிட்டுப் பத்தாங்கிளாஸ்ல வந்து கண்ணு முழிக்கிறியா? விதி அது. எழுதிக்க, உக்காரு."

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள், எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பார்த்தபோது, விதி என்ன என்பதையல்லவே நாம் கேட்டோம், ஏன் என்பதையல்லவா கேட்டோம் என்று தோன்றிற்று. ஆகவே மறுபடியும் வலக்கையை உயர்த்தினாள். ஆசிரியர் பார்த்தார். பார்த்ததை அவளும் பார்த்தாள். பின் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, மணி அடிக்கும் வரையில் திரும்பவே இல்லை. மணி அடித்தது, அவர் போனார், நாற்பது கைகள் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தன, நீலவேணியின் கை மட்டும் இறங்கவில்லை. இடக்கையால் பிடித்து இழுத்தாள். தோழிகள் இருவர் தொங்கிப் பார்த்தார்கள். கோயில் கொடிமரம்போல் அது நின்றது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. கேட்கலாமா என்ற நிலையிலேயே அது தங்கிவிட்டது.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பும் மூட்டும் நரம்பும் நலமே, கை உயர்ந்துள்ளது என்று சீட்டில் எழுதிக் கால்சியம் மாத்திரை கொடுத்தனுப்பினார். மங்கையர்க்கரசி சீருடையின் பக்கத் தையலைப் பிரித்து, தோளிலிருந்து இடுப்பு வரை கொக்கி வைத்துத் தைத்தாள். கலியமூர்த்தி பஸ் வாசலின் மேல் சட்டத்துக்கு, மகளின் விரல் இடிக்காதபடி ரப்பர் ஷீட் ஒட்டினார். பஸ்ஸில்தான் அவளுக்கு நிம்மதி. நின்றுகொண்டு வருபவர் எல்லோரும் மேல் கம்பியைப் பிடித்துக் கை உயர்த்தியே நிற்பதால், அங்கே மட்டும் அவள் எல்லோரையும் போல இருந்தாள்.

சாப்பாடு சங்கடமாயிற்று. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தாய் எத்தனை நாள் ஊட்டுவாள், இடக்கையால் உண்ணலாமா, பிரசாதம் வாங்கலாமா என்று கோயில் வாசலில் பேச்சு எழுந்தது. சோமாஸ்கந்த குருக்கள் விபூதித் தட்டோடு வந்து அவளை ஏற இறங்கப் பார்த்து, "மேல போன கை சுவாமிகிட்ட விண்ணப்பத்துல இருக்கு. கீழ மிச்சம் இருக்கிறது எதுவோ அதுதான் இப்ப வலது. வாங்கிக்கோம்மா" என்று முடிவு சொன்னார். அன்றிலிருந்து அவள் இடக்கையால் உண்பதை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை.

பெண்கள்தாம் தவறாகப் புரிந்துகொண்டார்கள். தூக்கிய கையை இறக்காமல் ஒரு பெண் பிள்ளை தெருவில் நடந்தால் அது நேர்த்திக்கடனாகத்தானே இருக்க வேண்டும்? ஆடி வெள்ளி அன்று நான்கு பேர் மஞ்சள் நூலும் குங்குமமுமாக வந்து, ஸ்டூல் போட்டு ஏறி அவள் மணிக்கட்டில் பூசிக் கட்டி, எதற்காக நேர்ந்துகொண்டாய் என்று விசாரித்தார்கள். நேர்த்தி இல்லை, சந்தேகம் என்றாள் நீலவேணி. சந்தேகத்துக்கு நேர்ந்துகொண்டவளை அவர்கள் அதுவரை கண்டதில்லை. ஆனாலும் கட்டிய நூலை அவிழ்ப்பது முறையல்ல என்பதால், அந்தச் சந்தேகம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். இவ்வாறுதான் அந்தக் கேள்வி பள்ளியை விட்டு ஊருக்குள் நடந்தது.

நடந்த கேள்வி எல்லா வாசலிலும் ஏறியது. டீக்கடையில் பெஞ்சு இரண்டு கட்சியாயிற்று. பஸ் கண்டக்டர், வண்டியை மேற்கே பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு ரிவர்ஸ் எடுத்தால் கிழக்கேதானே போகும், இதற்கு ஒரு சந்தேகமா என்றார். நீலவேணி கும்பகோணம் போய்ச் சேரும் வரை அதை யோசித்து, திருப்புவது சரி அண்ணா, பெருக்குவது எங்கே என்று கேட்டாள். கண்டக்டர் அன்று இரண்டு நிறுத்தங்களில் விசில் ஊத மறந்தார். இல்லை என்பதையே இல்லை என்று சொன்னால் உண்டு என்றாகிவிடாதா என்றார் குருக்கள். அது பேச்சில் சரி மாமா, ஆனால் கணக்கில் எத்தனை உண்டு என்று சொல்ல வேண்டுமே என்றாள் அவள். குருக்கள் யோசித்துக்கொண்டே போய், சாயரட்சைக்குரிய மணியை இரண்டு தடவை அடித்தார். நெற்களத்தில், ரேஷன் வரிசையில், குளத்துப் படியில் என்று எங்கும், பள்ளிக்கூடம் போய் முப்பது நாற்பது ஆண்டு ஆனவர்களும், போகவே போகாதவர்களும், இரண்டு குறையைச் சேர்த்துப் பெருக்கினால் நிறைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காதவர் கணித ஆசிரியர் ஒருவரே.

அவர் அவளைக் கடைசிப் பெஞ்சுக்கு மாற்றினார். கை பின்னால் இருப்பவர்களுக்குப் பலகையை மறைக்கிறதாம். பின்னால் யாரும் இல்லாத இடத்தில் அவள் அமர்ந்து, இடக்கையால் எழுதப் பழகினாள். முதல் மாதம் எறும்பு மையில் விழுந்து எழுந்து போனதுபோல் இருந்த எழுத்து, இரண்டாம் மாதம் எழுத்துப்போல் ஆயிற்று. மற்ற ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கல். பேச்சுப் போட்டிக்கு யார், மரம் நட யார், சாரணர் முகாமுக்கு யார் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரு கை ஏற்கெனவே உயர்ந்திருந்ததால், எல்லாவற்றிலும் நீலவேணியின் பெயர் எழுதப்பட்டது. மறுக்கக் கூசி எல்லாவற்றுக்கும் போனாள். கணிதத் தேர்வில் இருபத்து மூன்று வாங்கிய அதே வாரம் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினாள். கையை உயர்த்தியபடி பேசியது கம்பீரமாக இருந்ததென்று நடுவர் குறிப்பு எழுதியிருந்தார்.

ஆகஸ்டு பதினைந்தாம் நாள் கிராம சபையிலும் அப்படியே ஆயிற்று. கோயில் குளத்தைத் தூர்வார வேண்டும் என்று ஒரு தீர்மானம். இப்போது வேண்டாம் என்று ஒரு பக்கம், வேண்டும் என்று ஒரு பக்கம். கை தூக்கச் சொல்லி எண்ணினார் ஊராட்சிச் செயலர். தாய்க்குத் துணையாக வந்து ஓரமாக நின்றவளின் கையும் எண்ணிக்கையில் சேர்ந்து, ஒரு கை அதிகத்தில் தீர்மானம் நிறைவேறியது. வயது போதாதே என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தொடங்கினார். சந்தேகத்துக்கு நேர்ந்துகொண்ட பிள்ளையின் கையை எண்ணாதே என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

புரட்டாசியில் இரண்டு மோட்டார்கள் வைத்துக் குளத்தை இறைத்தார்கள். பள்ளி விட்டதும் அவள் வடக்குப் படியில் வந்து உட்காருவாள், நீர் இறங்குவதைப் பார்ப்பாள், இருட்டுமுன் வீட்டுக்குப் போவாள். தினமும் இரண்டு படி, கூடாமலும் குறையாமலும் இரண்டே படி, நீர் இறங்கியது. ஆறாம் நாள் மாலை, நாளைக்கு எந்தப் படியில் நிற்கும் என்று எண்ணினாள். இரண்டு படி கீழே. மூன்று நாள் கழித்து? ஆறு படி கீழே. இது மைனஸ் இரண்டை மூன்றால் பெருக்கியது. பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த படிகளில் நீர்க்கறை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் நீர் எங்கே இருந்தது? முன்னால் என்பது நாளில் மைனஸ் மூன்று. இறக்கம் என்பது படியில் மைனஸ் இரண்டு. எண்ணினாள். ஆறு படி மேலே. கீழே இல்லை, மேலே. குறைந்துகொண்டே வருவதைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் அது நிறைந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை, படியில் ஈரமாக எழுதியிருக்கிறது.

அவள் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று மோட்டார் பார்த்துக்கொண்டவர் பின்பு சொன்னார்.

ஆனால் கை இறங்கவில்லை. விடை வந்ததும் இறங்கிவிடும் என்று இரண்டு மாதத்துக்கு மேலாக நம்பியிருந்த மங்கையர்க்கரசி மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். நீலவேணி அவள் அருகில் அமர்ந்து சொன்னாள்: "பதில் கிடைச்சிடுச்சும்மா. ஆனா என்னை இன்னும் யாரும் கேளுன்னு சொல்லலையே."

ஐப்பசி முதல் வியாழன் பிற்பகலில் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. மறுநாள் பெயர்ப்பட்டியல் போக வேண்டும். தலைமையாசிரியை, குழுத் தலைவியான பூக்கடை தையல்நாயகி, கலியமூர்த்தியும் மங்கையர்க்கரசியும், ஜன்னலுக்கு வெளியே கேள்வியின்மேல் உரிமை கொண்ட பாதி ஊர். கடைசிப் பெஞ்சில் நீலவேணி. வைத்தியலிங்கம் எழுந்து, தம் மெதுவான குரலில், வலக்கையால் எழுத முடியாத பிள்ளை, மைனஸ் தெரியாத பிள்ளை, இவள் பெயர் பட்டியலில் இருந்தால் ஒன்பது ஆண்டு நூறு போய்விடும், தனித்தேர்வராக எழுதட்டும், இதில் யாருக்கும் வருத்தம் வேண்டாம் என்றார். பெயர் போனால் பள்ளி போகும், பள்ளியை இழந்த பெண் அடுத்த தையில் எந்த நூல் மில்லின் வேனில் வேலைக்கு ஏறுவாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிக்குள் அதுவரை வாய் திறந்திராத கலியமூர்த்தி காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே எழுந்தார். "நீங்க பதிலைச் சொல்லிடுங்க சார். கை இறங்கிடும். அப்புறம் புள்ள வலது கையாலயே எழுதிட்டுப் போவுது."

"விதிக்கு ஏன் எதுக்குன்னெல்லாம் கிடையாதுங்க."

"கிடையாதா, இல்ல உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றாள் தையல்நாயகி, பூத் தொடுக்கும் விரல்களை மடியில் கோத்தபடி. "எங்க வீட்டு ஏழாங்கிளாஸும் அதைத்தான் கேட்டு உயிரை வாங்குது."

ஜன்னல் முழுதும் சிரித்தது. வைத்தியலிங்கம் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீலவேணி அறிவாள். ஆடி மாதத்தில் அவள் பெஞ்சுப் பலகையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் விடை இருந்தது. இப்போது எழுந்து சொன்னால் போதும், அன்று அவள்மேல் விழுந்த சிரிப்பு வட்டியோடு அவர்மேல் போய் விழும். நாக்கு நுனி வரை வந்தது.

அப்போது ஆசிரியரின் வலக்கை எழத் தொடங்கியது. அவர் இடக்கையால் அழுத்தினார். மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். மதகு திறந்த வாய்க்காலில் நீர் ஏறுவதுபோல் அது அவசரமின்றி ஏறி, காதை ஒட்டி நேராக நின்றது. தலைமையாசிரியை மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். தையல்நாயகி நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம் விட்டாள். விசிறி நின்ற அமைதியில், உயர்ந்த கைக்கு என்ன வேண்டும் என்பது மூன்று மாதப் பழக்கத்தில் அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வாத்தியாரைப் பார்த்து அதை யார் சொல்வது?

நீலவேணி எழுந்தாள். "கேளுங்க சார்."

அவர் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "எனக்கும் அதே சந்தேகந்தாம்மா," என்றார். "இருபத்தாறு வருஷமா விதி விதின்னு சொல்லிக்கிட்டே வந்துட்டேன்."

அவள் ஜன்னலருகே வந்தாள். வெளியே நின்றவர்கள் குளம் தெரிவதற்காக விலகிக்கொடுத்தார்கள். இறங்கும் நீரையும் பின்னோக்கும் நாளையும் படிகளின் கறையையும் அவள் சொன்னாள். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இடக்கை விரல்களை மடக்கித் தாமே போட்டுப் பார்த்தார்.

"அப்ப நாலு நாளைக்கு முன்னாடி எட்டுப் படி மேல."

"ஆமா சார்."

அவர் முகத்தில், கணக்கு ஒன்று முதன்முதலாகச் சரியாக வந்த பிள்ளையின் முகத்தில் வருவது வந்தது. கை தானே இறங்கியது. அதை ஒரு தரம் உதறிப் பார்த்துவிட்டு, அவள் கையை நிமிர்ந்து நோக்கினார்.

"உனக்குத்தான் தெரிஞ்சிடுச்சே. இன்னும் ஏம்மா தூக்கிக்கிட்டு நிக்கிற?"

"அது தெரிஞ்சிடுச்சு சார். இது வேற."

"சரி. கேளு."

"எந்த எண்ணையும் பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஏன் சார்?"

கலியமூர்த்தி கண்களை மூடிக்கொண்டார். வைத்தியலிங்கத்தின் வாய் திறந்தது. இருபத்தாறு ஆண்டுப் பழக்கமான அந்தச் சொல் அவர் பல் வரை வந்ததைப் பாதி ஊர் பார்த்தது. அவர் அதை விழுங்கியதையும் பார்த்தது.

"தெரியலைம்மா," என்றார். "நாளைக்கு ரெண்டு பேருமா போட்டுப் பாப்போம்."

நீலவேணியின் கை இறங்கியது. அதை மடியில் வைத்து, மூன்று மாதமாகக் காணாத உள்ளங்கையை அவள் பார்த்துக்கொண்டிருக்கையில், தலைமையாசிரியை யாரையும் கேட்காமல் பட்டியலை இழுத்து, அடிக்காமல் விட்டிருந்த அந்தப் பெயருக்கு நேராகக் கையெழுத்திட்டார்.

அதன்பின் வைத்தியலிங்கம் சாந்தமூர்த்தி ஆகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். குரல் பழைய குரலே, கோபம் பழைய கோபமே. ஏன் என்று எவராவது கேட்டால் மட்டும் ஒரு கணம் நின்று, தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பார். அந்த ஓரம் தை மாதத்துக்குள் பலகையின் பாதியாயிற்று. அவ்வாண்டு நூறு சதவீதம் வரவும் இல்லை. சமூக அறிவியலில் ஒருவன் தவறினான். நீலவேணி கணிதத்தில் ஐம்பத்தெட்டு. வைகாசியில் ஃபிளெக்ஸ் இல்லாத வாசலைப் பார்த்துக்கொண்டு ஊர் இரண்டு நாள் நின்றது, பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனது.

இதைக் காதால் கேட்டவர்க்கும், கேட்டதைப் பிறர்க்குச் சொல்பவர்க்கும், எந்த வகுப்பின் எந்த மூலையில் அமர்ந்திருப்பவர்க்கும், அவர்கள் கேட்க எழும்போது முகம் கொடுக்க ஒருவர் வாய்க்கட்டும். வாய்க்காத நாளில் கேள்வி கெடாமல் இருக்கட்டும். தெரியாது என்று சொல்லும் துணிவு பெரியோர்க்குக் குறையாமல் இருக்கட்டும். உடன் தேடுவோர் பெருக எல்லோரும் நீடு வாழ்க.